மாத்திரை போடாத காலை

ஜனவரி 9

இன்றும் அதே பதில். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." போன அக்டோபரில் வந்த கடிதத்தில் "கோரிக்கை"யில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. இன்று வந்ததிலும் அதே எழுத்து விட்டுப்போயிருக்கிறது. புதிதாக ஒரு பிழை செய்யக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

அப்படி என்ன கேட்டுவிட்டேன்? சொத்தில் பங்கா கேட்டேன்? பார்க்கின்சன் நோயாளிகள் சில நூறு பேரை வருஷா வருஷம் வரவழைத்து, நடக்க வைத்து, விரல் தட்ட வைத்து, ரத்தம் எடுத்து, எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கோஹார்ட் என்று பெயர். பெயரும் முகவரியும் நீக்கிய அந்த எண்கள் எனக்கு வேண்டும். எந்த நோயாளிக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் கட்டம் வரப்போகிறது என்று இரண்டு வருஷம் முன்னாலேயே சொல்ல முடியுமா? என் கேள்வி அவ்வளவுதான். முன்னால் தெரிந்தால் விழுவதற்குள் நடைப்பயிற்சி தொடங்கலாம். விழுந்தபிறகு தெரிந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

"நீயே ஆள் சேர்த்து அளந்துக்கயேன்" என்கிறான், நான் புள்ளிவிவரக் கணக்குப் போடும் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரன். அளக்கலாம். ஏழெட்டு வருஷம் ஆகும். கீழ்வீட்டில் இருக்கும் என் அண்ணனிடம் அவ்வளவு அவகாசம் இல்லை.

ஜனவரி 12

தேடி அலைந்த கதையை எங்காவது கொட்டினால்தான் ஆறும்.

உலகத்தில் எங்கெங்கே இப்படிப்பட்ட தொடர் ஆய்வுகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் இணையத்தில் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை நிறத்தில் "கிடைக்கும்" என்று போட்டிருக்கிறது. முதல் ஆய்வின் இணையதளமே இல்லை. இரண்டாவதில் தொடர்புக்கு என்று இருந்தவர் ஓய்வுபெற்றுவிட்டார். போனை எடுத்த மருமகள், "மாமா செடிக்குத் தண்ணி விட்டுட்டிருக்கார். டேட்டாவெல்லாம் ஆபீஸ்லயே விட்டுட்டு வந்துட்டாராம்" என்றாள். அந்த ஆபீசை இடித்துவிட்டார்கள். மூன்றாவதில் "விண்ணப்பிக்க இங்கே அழுத்தவும்" என்று இருந்தது. அழுத்தினால் "விண்ணப்பிக்க இங்கே அழுத்தவும்" என்று இன்னொரு பக்கம் வருகிறது.

நான்காவதுதான் எங்கள் பெரியாஸ்பத்திரி. ரெண்டு பஸ் மாறினால் போய்விடலாம். என் அண்ணனே ஏழு வருஷமாக அதில் ஒரு ஆள். வருஷத்துக்கு ஒருமுறை காலையில் மாத்திரை போடாமல் போகவேண்டும். மாத்திரை இல்லாத நிலையில் ஒரு சோதனை, அதற்கு ஆஃப் என்று பெயர். பிறகு மாத்திரை கொடுத்து, அது வேலை செய்ய ஆரம்பித்ததும் இன்னொரு சோதனை. அது ஆன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நோய் உண்மையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியும். இப்படி ஆஃப், ஆன் இரண்டும் ஏழு வருஷத்துக்கு உள்ள ஆய்வு கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கும். நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. அதைப் பூதம் காக்கிறது.

பூதம் என்றால் அந்த ஆய்வின் தலைவர். பேராசிரியர். நான் இங்கே பூதம் என்றுதான் எழுதப்போகிறேன். என் நோட்டு, என் இஷ்டம்.

ஜனவரி 20

காலையில் கீழே காபி குடிக்கப் போனேன். அண்ணன் சமையலறை வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான். சும்மா நிற்கிறான் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, கால் வரவில்லை. உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் மட்டும் பசை தடவினதுபோல நிற்கிறது.

அண்ணி அடுப்பைவிட்டு நகரவில்லை. தோசைத் திருப்பியைக்கூடக் கீழே வைக்கவில்லை. குரலை உயர்த்தி, "ஸ்குவாட்! குவிக் மார்ச்! லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்..." என்றாள்.

அண்ணன் ஜம்மென்று நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஊர்ப் பிள்ளைகளை மார்ச் பண்ண வைத்தவன். "பாத்தியா, ரிட்டயரானப்புறம் உங்க அண்ணி எனக்கு மாஸ்டர் ஆயிட்டா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். மாடிக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 4

பூதத்தைப் பார்த்துவிட்டேன். மூன்று முறை தள்ளிப்போட்ட சந்திப்பு. அறையில் ஏசி குளிர், சுவர் முழுக்க விருதுகள். நல்ல மனுஷன்போலத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"நோயாளிங்களோட அந்தரங்கம் மேடம். அதை நாங்க காப்பாத்தியாகணும்."

பேரே இல்லாத எண்கள்தானே சார் என்றேன்.

"அதோட, நீங்க எழுதியிருக்கிற கேள்வியை நாங்களே பாக்கறதா இருக்கோம்."

எப்போ சார்?

"பாக்கணும்."

ஏழு வருஷத்தில் இந்தத் தரவை வைத்து எத்தனை கட்டுரை வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒன்று. "இப்படி ஒரு ஆய்வைத் தொடங்கியிருக்கிறோம்" என்று அறிவித்த கட்டுரை. கல்யாணப் பத்திரிகை அடித்து ஏழு வருஷம், கல்யாணம் இன்னும் நடக்கவில்லை.

கடைசியில் துருப்புச்சீட்டை எடுத்தார். "உங்க அண்ணனே இதுல இருக்கார் இல்லையா? அது சரிப்படாது. சொந்த விருப்பு வெறுப்பு வந்துடும்."

அதாவது வீட்டில் நோயாளி இல்லாதவர்களுக்கு அவசரம் இல்லை, அதனால் அவர்களுக்குக் கொடுக்கலாம். அவசரம் உள்ளவளுக்குக் கொடுக்கக்கூடாது. இது என்ன நியாயம்? எந்த ஊர் நியாயம்?

"குழு கூடும்போது வைக்கிறேன்" என்று எழுந்துவிட்டார். வெளியே அவருடைய உதவியாளரிடம் குழு எப்போது கூடும் என்று கேட்டேன். போன வருஷம் மூன்று முறை கூட்டம் போட்டார்களாம். மூன்று முறையும் ஆள் பற்றவில்லையாம்.

பிப்ரவரி 5

கோபம் இறங்கவே மாட்டேன் என்கிறது. ஒரு ரிப்போர்ட்டில் கூட்டலைத் தப்பாகப் போட்டேன். நான்!

மார்ச் 2

அண்ணன் விழுந்துவிட்டான். குளியலறை வாசலில். அண்ணி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லெஃப்ட் ரைட் சொல்ல ஆள் இல்லை. இடது மணிக்கட்டு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். இடுப்பாக இருந்திருந்தால்? வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, "இவருக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நடைப்பயிற்சி ஆரம்பிச்சிருக்கலாமே" என்றார். ஆரம்பித்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? எதைப் பார்த்துத் தெரியும்? தெரிந்துகொள்ள வழி இருக்கிற ஒரே இடத்தில் பூட்டு தொங்குகிறது!

மார்ச் 6

அண்ணன் கட்டுக் கையோடு கேட்டான். "ஆமா, அந்த ஆஸ்பத்திரியில என்னைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்களே, அதுல என்ன கண்டுபிடிச்சாங்க?"

சொல்லாமல் மழுப்பலாம் என்று பார்த்தேன். வாய் கேட்கவில்லை. ஒண்ணும் கண்டுபிடிக்கலை அண்ணா, யாரும் திறந்துகூடப் பாக்கலை, நான் கேட்டாலும் தரமாட்டேங்கறாங்க என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அண்ணன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டான். அப்புறம், "அப்போ ஏழு வருஷமா நான் எதுக்குப் போனேன்? அவங்க ஃபிரிட்ஜுல ரத்தம் ரொப்பவா?" என்றான்.

"உங்க எல்லாரோட அந்தரங்கத்தையும் காப்பாத்தறாங்களாம்" என்றேன்.

"என் அந்தரங்கமா? குளியலறை வாசல்ல விழுந்து கெடந்தப்போ அக்கம்பக்கத்துல நாலு பேர் வந்து தூக்கினாங்க. அதைவிட என்னடி அந்தரங்கம்?"

அண்ணி உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன.

மார்ச் 19

இன்று நடந்ததை நான் பார்க்கவில்லை. அண்ணனும் அண்ணியும் மாற்றி மாற்றிச் சொன்னதை எழுதுகிறேன்.

அந்த ஆய்வுக்கு வருகிறவர்களுக்குள் பழக்கம் உண்டு. காத்திருக்கும் கூடத்தில் வருஷா வருஷம் பார்த்துப் பார்த்து வந்த சிநேகிதம். டீச்சரம்மா ஒருவர், தையல்காரர் ஒருவர், லாரி ஓட்டியவர் ஒருவர், நகைக்கடைக்காரர் ஒருவர். அண்ணன் பத்து நாளாக எல்லோருக்கும் போன் போட்டிருக்கிறான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று காலை இருபது பேருக்குமேல் ஆஸ்பத்திரியில் கூடிவிட்டார்கள். அண்ணன் அவர்களை இரண்டு வரிசையாக நிறுத்தியிருக்கிறான். பழக்கதோஷம். சிலர் ஆடுகிறார்கள், சிலர் சாய்கிறார்கள், தையல்காரர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அப்படியே பூதத்தின் அறைக்கு மார்ச். தாழ்வாரத்தில் போகிற வருகிற எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்களாம்.

பூதம் வெளியே வந்து, "என்ன விஷயம்? எல்லாரும் உக்காருங்களேன்" என்றிருக்கிறது.

"உக்காந்தா எழுந்திருக்க நேரமாகும் சார். நின்னே பேசறோம்" என்றாராம் டீச்சரம்மா. "எங்க அந்தரங்கத்தைக் காப்பாத்தறீங்களாமே. யாரைக் கேட்டுக் காப்பாத்தறீங்க?"

லாரிக்காரர், "நாங்க குடுத்தது உங்களுக்கு இல்ல சார். நாளைக்கு இந்த நோய் வரப்போறவனுக்கு" என்றிருக்கிறார்.

அண்ணி சொன்னாள்: "உங்க அண்ணன் ஒண்ணுமே பேசலை. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு முன்னாடி நின்னார். ரொம்ப நாளைக்கப்புறம் மனுஷன் மாதிரி நின்னார்."

ஏப்ரல் 8

அனுமதி வந்துவிட்டது!!

கடிதத்தில் "கோரிக்கை" இப்போதும் தப்புத்தான். போகட்டும்.

ஏப்ரல் 15

அனுமதி என்றால் இப்படி. அடித்தளத்தில் ஒரு அறை. ஜன்னல் இல்லை. இணையம் இல்லாத ஒரு கம்ப்யூட்டர். கைப்பை, போன், பேனா எல்லாம் வாசலில் வைத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மட்டும். பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்து நான் என்ன பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் பார்ப்பது வெறும் எண் என்று தெரிந்ததும் பாவம் தூங்கிவிட்டார்.

ஆனாலும் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. ஏழு வருஷம், ஆஃப், ஆன், நடந்த வேகம், உடம்பைத் திருப்ப எடுத்த அடிகள். எனக்குக் கண் கலங்கியது. எண்களைப் பார்த்து அழுகிறவள் என்று ஊரில் பேர் எடுக்கப்போகிறேன்.

இதில் அண்ணன் எந்த வரிசை என்று எனக்குத் தெரியாது, தேடவும் மாட்டேன். அது நான் எனக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

ஏப்ரல் 29

ஏதோ உதைக்கிறது.

மே 6

தலை சுற்றுகிறது. மாத்திரை போடுவதற்கு முன் ஒரு மதிப்பெண், போட்டபின் ஒரு மதிப்பெண். இந்தச் சோதனையில் மதிப்பெண் கூடினால் நோய் கூடுதல். ("எங்க ஸ்கூலுக்கு நேர்மாறு" என்பான் அண்ணன்.) மாத்திரைக்கு முன் அதிகமாகவும், பின் குறைவாகவும் இருக்கவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது. மாத்திரை வேலையே செய்யாதவர்கள் மாதிரி. ஆனால் இவர்களுக்கு மாத்திரை வேலை செய்கிறதே! கீழ்வீட்டில் தினமும் பார்க்கிறேனே!

முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். நெடுவரிசையை மாற்றிப் படித்துவிட்டேனா? இல்லை. தட்டச்சு செய்தவர்கள் தவறா? ஏழு வருஷமும் ஒரே தவறா? "கடைசியாக மாத்திரை போட்ட நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோருக்கும், எல்லா வருஷமும், அதில் "முந்தைய இரவு" என்றே இருக்கிறது. ஒருவர்கூட மறந்துபோய்க் காலையில் போட்டதில்லையா? இவ்வளவு ஒழுங்கான நோயாளிகள் உலகத்தில் எங்கே இருக்கிறார்கள்?

மே 7

சாயங்காலம் கீழே போனேன். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். "அண்ணா, டெஸ்ட் அன்னைக்கு மாத்திரை போடாமத்தானே போவே?"

அண்ணன் டிவியைப் பார்த்தான். டிவி அணைந்திருந்தது.

அண்ணி கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தவள், "ஏங்க, சொல்லிடுங்களேன்" என்றாள்.

"அரை மாத்திரைதான்" என்றான் அண்ணன்.

"அரையா? ஒண்ணரை" என்றாள் அண்ணி.

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கத்தினேன். அடப்பாவி, நான் எட்டு மாசம் நாயா பேயா அலைஞ்சிருக்கேன், அந்த மனுஷன் கால்ல விழாத குறையா கெஞ்சியிருக்கேன், எதுக்கு? நீ ஒண்ணரை மாத்திரை போட்டுக்கிட்டு ஜம்முனு நடந்ததை அளக்கவா? ஒரு நாள் வருஷத்துல, ஒரே ஒரு காலைல, அது முடியலையா உன்னால? இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவன் முழுக்கக் கேட்டான். அப்புறம் குரலே உயர்த்தாமல் சொன்னான்.

"காலைல மாத்திரை போடலேன்னா நான் எப்படி இருப்பேன்னு தெரியுமா உனக்கு? சட்டை பட்டன் போட முடியாது. ரெண்டு பஸ் மாறணும். ஆபீஸ் நேரம். படியில காலை வெச்சா அடுத்த கால் வராது, பின்னாடி இருக்கறவன் திட்டுவான், கண்டக்டர் குடிச்சிருக்கியாம்பான். முதல் வருஷம் போடாமத்தான் போனேன். கேட்டான் ஒருத்தன், குடிச்சிருக்கியான்னு. என்னை. என்கிட்ட கேட்டான்."

அண்ணன் வாழ்க்கையில் குடித்ததில்லை.

"அங்க டெஸ்ட் எடுக்கற பையன் என் ஸ்டூடண்ட். அவனுக்கு நான்தான் நேரா நிக்கக் கத்துக்குடுத்தேன். அவன் முன்னாடி போய் நான் ஆடிக்கிட்டு நிக்கணுமா?"

அதையாவது அங்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"கேட்டாத்தானே சொல்றதுக்கு? ஏழு வருஷத்துல ஒருத்தர் கேக்கலை. நீயும்தான் மாடியில இருக்கே. கேட்டியா?"

நான் மேலே வந்துவிட்டேன். சாப்பிடப் போகவில்லை. அண்ணி தட்டில் போட்டு எடுத்துவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "அவர் மட்டும்னு நெனைக்காதே. அங்க எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான் வருவாங்க. நகைக்கடைக்காரர் மட்டும்தான் போடாம வருவார். அவருக்குக் கார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 13

செவ்வாய். அடித்தள அறை. அண்ணி சொன்னதை வைத்துப் பார்த்தேன். எப்படி வந்தார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. யாரோ புண்ணியவான் சேர்த்திருக்கிறார். பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஆஃபும் ஆனும் ஒன்று. சொந்த வண்டியில் வந்தவர்களுக்கு மட்டும் வித்தியாசம் பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல அழகாக இருக்கிறது.

இதை அப்படியே கணக்கில் போட்டால் என்ன வரும்? காரில் வருகிறவர்களுக்கு நோய் வேகமாக முற்றுகிறது, பஸ் ஏறினால் நோய் குறைகிறது என்று வரும். பேஷான கண்டுபிடிப்பு.

"மாத்திரை போடாமல் காலை ஏழரைக்குள் வரவும்" என்று கடிதம் அனுப்பினவர்கள் யாராவது மாத்திரை போடாத ஒருவரோடு பஸ் படியில் ஏறிப் பார்த்தார்களா? வா என்று சொன்னார்கள். எப்படி வருவாய் என்று கேட்கவில்லை. அண்ணன் மேல் எனக்கு இருந்த கோபம் முழுக்க இடம் மாறிவிட்டது.

மே 16

நேரே போனேன். நேரம் கேட்டுக்கொண்டு போகவில்லை. உதவியாளர் தடுத்தார், நான் நிற்கவில்லை.

பூதத்தின் முன் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், கார், ஒண்ணரை மாத்திரை. அதிர்ச்சி அடைவார், மறுப்பார், குழுவைக் கூட்டுகிறேன் என்பார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டாவது வருஷமே எனக்குத் தெரியும் மேடம்" என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆஃப் ஸ்கோர் எல்லாம் ரொம்ப நல்லா இருந்துது. ஏதோ தப்புன்னு தெரிஞ்சுது, என்னன்னு தெரியலை. வெளியில குடுத்தா முதல் வேலையா அதைத்தான் கண்டுபிடிப்பாங்க. இருபது வருஷமா கட்டின பேரு."

அப்போ அந்தரங்கம்?

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்தரங்கம்தான். யாருடையது என்பதில்தான் நான் ஏமாந்துவிட்டேன்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் அஞ்சு வருஷம் அவங்களை வரவெச்சிருக்கீங்க சார். அதே மாதிரி. அதே லெட்டர் போட்டு. என்ன ஏதுன்னு ஏன் கேக்கலை?"

"யாரை?"

"நோயாளிங்களை சார்! வேற யாரை?"

அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. ஒளிக்கிற முகம் இல்லை அது. நிஜமாகவே அப்படி ஒரு வழி இருப்பது தோன்றாத முகம். கருவியைச் சரிபார்த்திருக்கிறார், படிவத்தை இரண்டு முறை மாற்றியிருக்கிறார், சோதிக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்திருந்த ஆளிடம் "காலையில மாத்திரை போட்டீங்களா" என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கட்டத்தில் "முந்தைய இரவு" என்பதைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும்படி செய்துவைத்தவரும் அவர்தான். கடிதத்தில்தான் சொல்லிவிட்டோமே என்று.

"நீங்க கடைசியா பஸ்ல எப்போ சார் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். இல்லை, கேட்டது சரி.

மே 30

பேராசிரியரிடமிருந்து போன். தானே பேசினார். "அவங்களைக் கூப்பிட்டுக் கேக்கலாம்னு இருக்கேன். எப்படிக் கேக்கணும்னு சொல்லுங்க."

திட்டுகிற மாதிரி கேக்கக்கூடாது சார், தப்புப் பண்ணினது அவங்க இல்லைன்னு முதல்ல சொல்லிடுங்க என்றேன்.

"சரி" என்றார். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

ஜூன் 24

ஒவ்வொருவராகப் போனில் கேட்டு முடித்துவிட்டோம். நான், சோதனை எடுக்கும் தம்பி (அண்ணனின் பழைய மாணவன்), சில நாள் பேராசிரியரும். முக்கால்வாசிப் பேர் சிரித்தார்கள். "அப்பாடா, கேட்டீங்களே" என்றார் தையல்காரர். டீச்சரம்மா மட்டும் அழுதார். "நான் பொய் சொல்றவ இல்லைங்க. ஆஸ்பத்திரி கேட்டிருந்தா முதல் வருஷமே சொல்லியிருப்பேன்."

யார் எப்போதும் போட்டார்கள், யார் போடவில்லை, யாருக்கு நினைவில்லை என்று பிரித்தாயிற்று. யார் எந்த வரிசை என்பதை ஆஸ்பத்திரியே பொருத்தியது, எனக்குக் காட்டவில்லை. ஆஃப் எண்களில் பெரும்பகுதி குப்பைக்குப் போகிறது. ஆன் எண்கள் நிற்கின்றன. என் கேள்விக்கு இந்த வருஷம் பாதி பதில்தான் வரும். அண்ணனுக்கு அது உதவாது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 11

இணையத்தில் கிடக்கும் அந்த ஆய்வுப் பட்டியலில் ஆஸ்பத்திரியின் பெயருக்கு எதிரே புதிதாக ஒரு பத்தி. என்ன பிழை, எப்படி நேர்ந்தது, எந்த எண்களை நம்பக்கூடாது என்று. கீழே பேராசிரியர் தன் பெயரைப் போட்டிருக்கிறார். நான் எழுதித் தந்ததைவிடக் கடுமையாக எழுதியிருக்கிறார். அந்த மூன்றாவது ஆய்வுபோல் இல்லாமல், இங்கே "விண்ணப்பிக்க" என்பதை அழுத்தினால் விண்ணப்பம் வருகிறது. வேறு மூன்று இடத்திலிருந்து கேட்டிருக்கிறார்களாம்.

அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்துக்குள் எத்தனை குளியலறை வாசல்.

செப்டம்பர் 17

இன்று அண்ணனுக்கு எட்டாவது வருஷச் சோதனை.

இப்போது ஆஸ்பத்திரி வேன் வீட்டுக்கே வருகிறது. நேற்றே அண்ணி மாத்திரை டப்பாவைத் தன் பைக்குள் வைத்துவிட்டாள். காலையில் அண்ணனுக்கு நான்தான் சட்டைப் பட்டன் போட்டுவிட்டேன். கை மட்டுமில்லை, தாடையும் ஆடியது. நான் அவனை இப்படிப் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

வேன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டது. கூடத்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம்வரை இதே கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து அரட்டை அடிப்பார்களாம். லாரிக்காரர் அண்ணனைப் பார்த்து, "மாஸ்டர், நீங்க இவ்வளவு மோசமா? நான் உங்களைப் பாத்துப் பொறாமைப்பட்டேனே!" என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. முகம் சிரிக்க நேரமாயிற்று.

கூப்பிட்டார்கள். சோதனை அறை வாசலில் அண்ணனுக்குக் கால் நின்றுவிட்டது. உள்ளே அந்தப் பழைய மாணவன் பேனாவோடு நிற்கிறான். பின்னால் கூடம் முழுக்கப் பார்க்கிறது. அண்ணி வாயைத் திறந்தாள், லெஃப்ட் என்று சொல்ல. அண்ணன் கையை உயர்த்தி வேண்டாம் என்று தடுத்தான்.

அந்தத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பார்க்கப் பொறுக்கவில்லை.

"இங்க பாருடா" என்றான் அண்ணன். மைதானத்துக் குரல் இல்லை, சன்னமாக, நடுக்கத்தோடு. "எழுதிக்கோ. வாசல்ல நின்னுட்டேன்னு எழுதிக்கோ. நான் எப்போ நகர்றேன்னு பாத்து அதையும் எழுதிக்கோ."

அவன் எழுதினான். எவ்வளவு நேரம் என்று அவனுக்குத்தான் தெரியும். எனக்கு ரொம்ப நேரம்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் தம்பி கேட்டது வெளியே எங்களுக்குக் கேட்டது. "சார், கடைசியா மாத்திரை எப்போ போட்டீங்க?"

"நேத்து ராத்திரி."

சோதனை முடிந்து, மாத்திரை போட்டு, அது வேலை செய்து, இரண்டாவது சோதனையும் முடிய மதியமாகிவிட்டது. வேன் வாசலில் காத்திருந்தது. "இப்போ படியில கால் வரும், வேன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டான் அண்ணன். பஸ்ஸில் வந்தோம்.